சீர் வண்டியில் போலீஸ் விளக்கு

மாசி 5, வெள்ளி

காலையில் நல்ல பனி. எதிர் வயல் கரும்பு கண்ணுக்கே தெரியவில்லை. உளுந்துக்கு இந்தப் பனியே போதும்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளி பிள்ளைக்குக் காதுகுத்து, கரையாம்புத்தூரில். வள்ளி என் கடைசிப் பெண். எத்தனையோ கோயில் சுற்றிப் பெற்ற பிள்ளை அது. தாய்மாமன் என் மகன் ஏழுமலை. அவன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். சீர் ஒரு தட்டுகூடக் குறையக் கூடாது.

பாக்கி வேலை: தாம்பாளம் தேய்க்க. பிள்ளைக்குச் சட்டை. வாழைத்தார் சொல்லியாச்சு. அதிரசத்துக்கு மருமகள் பாகை முற்ற விட்டுவிட்டாள். திரும்பச் செய்ய வேண்டும். சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்வாள்.

மத்தியானம் ஏழுமலை காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். முன்னால் புது விளக்கு மாட்டியிருக்கிறான். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். பொத்தானை அமுக்கினால் மாறி மாறி வெட்டுகிறது. கோழியெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிப்போயின. பின்கண்ணாடியில் போலீஸ் என்று இங்கிலீஷில் ஏற்கெனவே இருக்கிறது. அது நான் ஒட்டச் சொன்னது. ஏழுமலை மகள் சத்யா போலீசில் சேர்ந்து, நம்ம பக்கத்துப் போலீஸ் போடுகிற சிவப்புத் தொப்பியோடு வந்து நின்ற வாரம், பாகூர் கடையில் நானே போய் உட்கார்ந்து, பெரிய எழுத்தாப் போடுப்பா என்று சொல்லி ஒட்ட வைத்தேன். சந்தனம் குங்குமம் வைத்தேன். இந்தத் தெருவில் வேறு எந்த வீட்டுப் பெண் போலீஸ்?

சாயங்காலம் சத்யா டியூட்டி முடிந்து வந்தாள். டிராஃபிக்கில் இருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாப்பா இது?"

"சீர் வண்டிக்கு முன்னாடி போவுது. பாக்கறவன் ஒதுங்க வாணாமா?"

"கழட்டுப்பா. செவப்பு நீலம் போலீசு வண்டி, ஆம்புலன்சு, தீயணைக்கற வண்டி, இதுக்குத்தான். மந்திரி காருக்கே இப்ப செவப்பு லைட்டு கெடையாது."

"நீ போலீசுதான?"

"நான் போலீசு. உன் காரு போலீசா? என் ஸ்கூட்டில நானே அந்த எழுத்த ஒட்டக் கூடாது. கவர்மெண்டு குடுத்த வண்டிக்குத்தான் அது. இந்த வாரம் இதப் புடிக்கத்தான் ஸ்பெஷல் செக்கிங்கே. ஆயா, நீயாச்சும் சொல்லேன்."

"ஒரு நாளைக்குத்தானடி. உங்க அத்தைக்குப் பெருமை" என்றேன்.

ஞாயிறு அவளுக்கு லீவும் இல்லையாம். ஏழுமலைக்கு அது வேறு கோபம்.

என் பேத்தி நிற்கிற ரோட்டில் என் வண்டியை எவன் நிறுத்துவான்? பார்ப்போம்.

மாசி 6, சனி

வெயில் இப்போதே சுள்ளென்று. தாம்பாளம் முடிந்தது. அதிரசம் நன்றாக வந்தது, நான் செய்ததால்.

சத்யா காலையில் கிளம்பும்போது காரைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தாள். பிறகு அப்பனைப் பார்த்தாள். அவன் பல் துலக்கிக்கொண்டே இருந்தான்.

முழங்கால் வலி. எண்ணெய் தடவினேன்.

மாசி 7, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது.

காலையில் பூசணிக்காய் சுற்றிக் கிளம்பினோம். முன்னால் கார். ஏழுமலை ஓட்ட, பக்கத்தில் நான், மடியில் தோடு டப்பா. பின்னால் டெம்போவில் சனமும் தட்டுகளும். பங்காளி கோவிந்தன் டெம்போவில் நின்றபடி விசில்.

மாநில எல்லை வளைந்து கிடப்பதால் அந்த ரோட்டில் நடுவே கொஞ்ச தூரம் தமிழ்நாடு, அப்புறம் மறுபடி நம்ம பக்கம். தமிழ்நாட்டுத் துண்டில் நின்றிருந்த போலீஸ்காரர் விளக்கைக் கண்டதும் தடுப்பை இழுத்துவிட்டு, விறைப்பாக ஒரு சல்யூட். நானும் கையைத் தூக்கி வைத்தேன். ஏழுமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த வளைவில் சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்து வந்த ஒருவர் எங்களைப் பார்த்துப் பதறி ஓரம் ஒடித்து, கட்டோடு வாய்க்காலில் சாய்ந்தார். நாங்கள் நிற்கவில்லை. மரியாதை என்றுதான் நினைத்தேன்.

நம்ம பக்கம் வந்ததும் புளியமர நிழலில் ஒரு ஜீப். சிவப்புத் தொப்பி. ஒரு கை நீண்டது. சத்யா! மகளுக்கு ரெண்டு அதிரசம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஏழுமலை சிரித்துக்கொண்டே நிறுத்தினான்.

"சார், வண்டிய ஓரம் கட்டுங்க."

"யாரச் சார்ன்ற?"

"இன்ஜின ஆஃப் பண்ணுங்க. லைசென்சு, ஆர்.சி. புக்கு எடுங்க."

நான் கண்ணாடியை இறக்கினேன். "அடியே, நேரமாவுதுடி. உங்கப்பன்டி!"

"நீ உள்ளயே குந்து ஆயா."

ஓரத்தில் இதே மாதிரி எழுத்து ஒட்டி மாட்டிக்கொண்ட ரெண்டு பேர், பைக்கோடு. அதில் ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டான். "அவங்கப்பனாம்டா! இப்ப இன்னா பண்ணுதுன்னு பாப்போம்."

எஸ்.ஐ. நல்ல மனுஷர். அருகில் வந்து, "உங்கப்பாவாமா? ஃபங்ஷன் வண்டி வேற. லைட்ட அணைக்கச் சொல்லி அனுப்பிடு, பரவால்ல" என்றார்.

"இவங்க ரெண்டு பேருக்கும் ஃபைன் போட்டுட்டன் சார்."

அவ்வளவுதான் சொன்னாள். கையிலிருந்த ஃபைன் மெஷினில் அப்பன் வண்டி நம்பரை அடிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே இவள் எங்களை விட்டால், நாளையிலிருந்து எந்த வண்டிக்கும் இவள் கை காட்ட முடியாது. ஏழுமலையோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இறங்காமல் இருக்கிறான். அங்கே முகூர்த்தம்.

நான் இறங்கினேன். "ஏழுமலை, சீட்ட வாங்கு."

"அம்மா, இத்தினி பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும். வாங்குடா."

வாங்கினான். சீட்டைக் கொடுக்கும்போது இவள் அவன் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தாள். அவன்தான் பார்க்கவில்லை. ஸ்பானர் வாங்கி விளக்கைக் கழற்றி டிக்கியில் எறிந்தான். எழுத்தை நான் சுரண்டினேன். நான் ஒட்ட வைத்தது, நானே எடுக்கிறேன். பிள்ளை காதுக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் தடவி, நகத்தால். கடைசி எழுத்து மட்டும் வருவேனா என்றது. அதுவரை சத்யா எங்கள் பக்கம் திரும்பாமல் மற்ற வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முகூர்த்தம் முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமன் மடியில் பிள்ளை வீறிட்டது. மாமன் முகம் அதைவிட மோசம். வள்ளி மாமியார், "பொண்ணே புடிச்சிடுச்சாமே?" என்று சபையில் கேட்டாள். ஏழுமலை சாப்பிடாமல் எழுந்துவிட்டான்.

மாசி 8, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

வீடியோ ஊரெல்லாம். கோவிந்தன் டீக்கடையில் உட்கார்ந்து வருகிறவனுக்கெல்லாம் காட்டுகிறானாம். ஏழுமலை வெளியே போகவில்லை. மகளோடு ஒரு பேச்சு இல்லை. அவள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டெடுக்கிறான்.

குழாயடியில் குப்பம்மா: "இன்னாக்கா, வூட்லயே போலீசு வச்சிருக்கியே, உங்க ஆளுங்களயே புடிக்கறதுக்கா?"

"ஆமாண்டி. காரு இருந்தாத்தான புடிப்பாங்க. உங்க வூட்ல எதப் புடிக்கறது, ஆட்டயா?"

குடம் நிரம்பும் முன்பே போய்விட்டாள்.

அந்தப் புல்லுக்கட்டுக்காரர் எழுந்தாரா என்று ஏழுமலையிடம் கேட்டேன். "எந்த ஆளு?" என்றான். அவன் பார்க்கவே இல்லை. விளக்குப் போட்டுக்கொண்டு போனால் நாம் யாரையும் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

மாசி 9, செவ்வாய்

மோர் மிளகாய் காய வைத்தேன். காக்காய்த் தொல்லை.

சத்யா குளிக்கப் போனவள் வெகு நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்தபோது கண் சிவப்பு. சோப்பு பட்டுவிட்டது என்றாள்.

தலை பின்னிவிட்டேன். பின்னும்போது கேட்டாள். "அப்பா பேசவே மாட்டாரா ஆயா?"

"பேசுவான். பேசாம எங்க போயிடுவான்."

"நான் வேற இன்னா பண்ணியிருக்கணும்?"

"ஒண்ணும் பண்ணியிருக்க வாணாம். நீ செஞ்சது சரி. அவனுக்கும் அது தெரியும், அதான் கோவம்."

தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் பக்கத்து அறையில் ஏழுமலை இருமியது கேட்டது. எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

மாசி 10, புதன்

வெயில். மருமகள் சென்னாக்குனிப் பொடி இறால் வாங்கினாள், வறுவலுக்கு.

பதினோரு மணி வாக்கில் கோவிந்தன் வந்தான், வியர்த்து விறுவிறுக்க. அவன் ஜீப்பிலும் சிவப்பு நீலம் மாட்டியிருந்தானாம். எங்கள் காரைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. இன்று காலை வில்லியனூர் ரோட்டில் பிடித்துவிட்டார்கள். பிடித்தது சத்யா இல்லை, வேறு ஆள்.

"ஏழுமல, பொண்ணுக்கு ஒரு போன் போடுப்பா. நம்ம சித்தப்பன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், வுட்ருவாங்க."

ஏழுமலை ஏர்க் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். முறுக்குவதை விடவில்லை.

"ஏன்டா, டீக்கடையில படம் காட்டனியே, நீ அதப் பாக்கலியா?"

"அது சும்மா, தமாசுக்கு..."

"பெத்த அப்பனுக்கே போட்டா. மொகத்தப் பாத்துப் போட்டா. எஸ்.ஐ. வுடுன்றாரு, வுடல. நீ இன்னா அவள ஒரு வார்த்தயில கவுத்துருவியா? போ, போய் லைட்டக் கழட்டிட்டு சீட்ட வாங்கு. வலிக்காது. நானே வாங்கனவன்."

கோவிந்தன் போன பிறகும் அதையே ரெண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான், தனியாக. எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

ராத்திரி சத்யா தட்டெடுத்து உட்கார்ந்தாள். ஏழுமலை எழுந்து போகவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்தான். மருமகள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"நாளைக்கு எந்த ரோட்ல செக்கிங்?"

சத்யா நிமிர்ந்து பார்த்தாள். "அத வெளிய சொல்லக் கூடாதுப்பா."

"என்கிட்டயுமா?"

"ஒங்கிட்டயும்தான்."

அவன் குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "கேட்டியாம்மா, சொல்ல மாட்டாளாம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.