பச்சைக் கிழங்கும் வெந்த கிழங்கும்

சோழவந்தான்
வெள்ளி இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே அண்ணே. உன்னோடு முகாமில் இருக்கும் வாடிப்பட்டி வெள்ளைத்துரை அண்ணனிடம்கூட. அவருக்குப் போன் கிடைக்கும் நாளில் ஊருக்கே தெரிந்துவிடும். "எல்லையில நிக்கிற மனுசன் மனசு கலங்கக் கூடாது" என்று தாமரைச்செல்வி அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை மீறித்தான், எல்லோரும் படுத்தபிறகு எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும்போது அண்ணியின் காலில் அகத்திக் கட்டை குத்திவிட்டது. புண் ஆறவில்லை. போன வெள்ளி அப்பா, குறி சொல்லிப் பேயோட்டும் கோடாங்கி கண்ணுச்சாமியைக் கூட்டிவந்தார். அவர் உடுக்கை அடித்துவிட்டு, காபிக் கலர் பாட்டிலில் இருந்து தண்ணீர் மாதிரி எதையோ புண்ணில் ஊற்றினார். புசுபுசுவென்று வெள்ளை நுரை பொங்கியது. "பாத்தியளா, செய்வினை கொதிக்கிது. இவ இருந்தா இந்த வீடு வெளங்காது" என்றார். அன்றிலிருந்து அண்ணி தொட்ட தண்ணீரை அம்மா குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணியைத் திருவாதவூரில் அவர் பிறந்த வீட்டில் விட்டுவிடுவது என்று அப்பா முடிவு செய்துவிட்டார்.

எனக்கு அந்த நுரையைத் தெரியும். எஸ்தர் மிஸ் லேபில் செய்து காட்டியதுதான். பாட்டிலில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. நம் செல்களுக்குள்ளேயும் அந்த விஷம் துளித்துளியாக உண்டாகிக்கொண்டே இருக்கிறதாம். அதை உடைத்துத் தண்ணீரும் ஆக்சிஜனுமாக மாற்ற, கேட்டலேஸ் என்று ஒரு நொதி. ஒரே ஒரு நொடியில் லட்சக்கணக்கான மூலக்கூறுகளை உடைக்கும், தான் மட்டும் தேயாது. உருளைக்கிழங்கிலும் அது உண்டு. அண்ணியின் புண்ணில் பொங்கியது செய்வினை இல்லை அண்ணே, நாம் மூச்சுவிடும் ஆக்சிஜன்.

இன்று கோடாங்கி மறுபடி வந்தார். நான் தட்டில் பச்சை உருளைக்கிழங்கு ஒரு துண்டும் வெந்தது ஒரு துண்டும் தயாராக வைத்திருந்தேன். அவர் வெற்றிலை போட உட்கார்ந்த நேரம் பாட்டிலைத் தூக்கிவிட்டேன். அவசரத்தில் முதலில் வெந்த துண்டில் ஊற்றித் தொலைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நொதி என்பது புரதம். அது மடங்கியிருக்கிற விதத்தில்தான் அதன் வேலையே இருக்கிறது. வேகவைத்தால் மடிப்பு குலைந்துவிடும். இது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாதே! "இம்புட்டுத்தானா ஆத்தா ஒன் படிப்பு?" என்று கோடாங்கி சிரித்தார். அப்பா என்னை அடிக்க எழுந்துவிட்டார்.

பச்சைத் துண்டில் ஊற்றினேன். பொங்கியது பார், தட்டு விளிம்பு வரைக்கும்!

அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "ஏஞ் சாமி, கெழங்குக்கு எவன் செய்வினை வச்சான்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். பக்கத்து வீட்டு ஜன்னலில் சிரிப்புச் சத்தம்.

"வீட்டுல இருக்கிறது கெழங்குலயும் ஒட்டிக்கிரும்" என்றார் கோடாங்கி. அப்போதுதான் பாக்குவெட்டி பட்டு அவர் கட்டைவிரலில் ரத்தம் கசிவதைப் பார்த்தேன். "அப்ப ஒங்க வெரல்லயும் ஊத்தவா?" என்றேன். கையைத் தோள்துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார் அண்ணே!

போகும்போது, மூன்று ராத்திரிக்குள் என் வலது கை விளங்காமல் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் தெரிந்தும் பயமாக இருக்கிறது. விரலை மடக்கிப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் ஜெயித்தது நான்தான். ராத்திரி அம்மா அண்ணி கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அப்பாதான் இன்னும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொன்ன ஆட்டோவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணிக்குக் கால் வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது. இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்கு வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் அப்பாவுக்கு ஒரு வரி எழுது அண்ணே. தாமரைச்செல்வி இந்த வீட்டில்தான் இருப்பாள் என்று மட்டும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"ஏய் பவா, முழிச்சுத்தான இருக்க? பெரியாஸ்பத்திரிக்கு மொதப் பஸ்ஸு எத்தன மணிக்கு? ஒங்க அண்ணியக் கெளப்பி விடு, நானும் கூட வாரேன்"