பாதியில் அணைத்த படம்

திருச்சானூர்
21.3.2004

அன்பு மகன் கோபிகிருஷ்ணனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் நைனாவும் தங்கச்சி பிரேமலதாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் அப்படியே இருக்க நம் கோயில் தாயாரை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை, வெயில் ஜாஸ்தி என்று சொல்லி வைத்துவிட்டேன். முழுக்கப் படித்த பிறகு கோபித்துக்கொள், நடுவில் நிறுத்தாதே.

லதாவுக்கு நகரியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் சிரஞ்சீவி, புத்தூர் கரண்ட் ஆபீசில் வேலை, அவன் அம்மா கமலம்மா, அப்பா இல்லை. போன மாதக் கடைசி ஞாயிறு தாயார் தரிசனம் முடித்துக்கொண்டு அப்படியே பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்குத்தான் நீ நடித்த இங்கிலீஷ் படம் கேபிளில் வருகிறது என்று நீ சொல்லியிருந்தாய். நைனா லாட்ஜ் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே டிவி எதிரில் உட்கார்ந்துவிட்டார், அவர்கள் வந்த பிறகும் சத்தத்தைத்தான் குறைத்தார், அணைக்கவில்லை. அவர்களிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே கண் மட்டும் அங்கேயே இருந்தது.

அவர்கள் கேசரி சாப்பிடும்போது படத்தில் நீ வந்தாய். அழுக்குச் சட்டை, தாடி, ஏதோ கடையில் திருடிவிட்டாய் என்று இரண்டு போலீஸ்காரர்கள் இழுத்து வருகிறார்கள், ஒரு வெள்ளைக்காரி உன் மேல் துப்புகிறாள், நீ ரோட்டிலேயே உட்கார்ந்து அழுகிறாய். கமலம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் நீ கோட் போட்டுக்கொண்டிருக்கும் போட்டோவைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், "இன்னாம்மா இது, உங்க புள்ள மாதிரியே கீறானே" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "சேச்சே, எங்க கோபி கம்ப்யூட்டர் கம்பெனில கீறான், இது எவனோ" என்று சொல்லி ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டேன். நைனா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். எல்லோரும் போன பிறகு லதா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணன் அழுதுகினு இருந்துச்சிம்மா, நீ பாதில ஆஃப் பண்ட்ட" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நடிப்புதான், தெரியும், ஆனாலும் நீ அழும்போது அணைத்தது என் கைதானே.

அப்புறம் நகரியிலிருந்து சேதியே இல்லை. தரகர் ரங்கையாவைக் கேட்டால், யோசிக்கிறார்கள் என்றார். கூத்தாடி வீடு என்று தெரிந்துவிட்டது போல என்று நினைத்து, யாருக்கும் சொல்லாமல் நகரிக்கு பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லப் போகவில்லை ராஜா, பொய்யைச் சரிக்கட்டத்தான் போனேன், அதையும் உன்னிடம் மறைக்க மனசில்லை. கமலம்மா என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள். "அந்தப் படம் மறுபடியும் போட்டாங்க, நாங்க கடைசி வரிக்கும் பாத்தோம். திருடன் அவன் இல்லியாம், வேற எவனோவாம். துப்புனவளே வந்து மன்னிப்பு கேக்கறா, அவன் ஒண்ணுமே பேசாத அவளப் பாக்கறான் பாரு, எங்க வூட்ல எல்லாரும் அழுதுட்டோம். உம் புள்ள பேரு கூட கடைசில வந்துச்சி, எம் பையன் படிச்சான். பெத்தவ நீ எவனோன்ன. நாளைக்கு எம் புள்ளைக்கு ஒரு கஷ்டம்னா அவனையும் எவனோன்னு சொல்ல மாட்டன்னு இன்னா நிச்சயம்?" என்றாள். உன் படத்தின் முடிவை அந்த வீட்டில், அந்நிய மனுஷி வாயால் கேட்டேன்.

அழுகை நின்ற பிறகு முதலிலிருந்து சொன்னேன். புத்தூர் ஸ்கூலில் நீ தெலுங்கு நாடகத்தில் கிழவன் வேஷம் கட்டியது, கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் லண்டன் போனது, சாயங்காலத்தில் நாடகக் குழுவில் சேர்ந்தது, கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது எல்லோரும் ஊர் திரும்ப நீ மட்டும் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தது, ஒரு வருஷம் மேடையில் பேச்சே இல்லாமல் தட்டு ஏந்தி நின்றது, ராஜா வேஷக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட அன்று அந்த வேஷம் உனக்கு வந்தது, முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டியது. அன்று நீ போனில், "எல்லாரும் எழுந்து நின்னாங்கம்மா" என்றபோது, "கம்ப்யூட்டர் வேலைக்கு எப்பப் போவ" என்றுதான் நான் கேட்டேன். உன் தொழிலை என் வாயால் இன்னொருத்தருக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. கமலம்மா ஆசையாக, "இன்னா நாடகம், எந்த ஊரு ராஜா" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லியிருப்பாய், நான் காதில் வாங்கவில்லை.

கிளம்பும்போது அவள், "உம் புள்ள வரட்டும். மாப்பிள்ளய அவன்தான் கையப் புடிச்சி மணவறைக்கு இட்டாரணும், மத்ததெல்லாம் அப்பால பாத்துக்கலாம்" என்றாள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நைனா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. தானும் அன்றைக்கு வெளியே போய்ச் செருப்பை அடுக்கிக்கொண்டு நின்றுவிட்டதாகவும், அவன் தன் பிள்ளை என்று சொல்லவில்லையே என்றும் சொன்னார். லதா மட்டும் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

நீ வேளைக்குச் சாப்பிடு, நாடகம் முடிந்து வியர்வையோடு குளிரில் வராதே, தொண்டைக்கு மிளகு போட்டுப் பால் குடி. உடனே மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டாம், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுது. அந்த ராஜா யார், எந்த ஊர், அவனுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் விவரமாக எழுது. தாயார் உனக்குத் துணை இருக்கட்டும், நீ நிற்கிற மேடையெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும்.

ஒன்று மறக்காதே. நேற்று நானும் நைனாவும் திருப்பதிக்குப் போய்க் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்த்தோம். அச்சுக்கடைக்காரர் உன் பெயரை எழுதிக்கொண்டு, பையன் என்ன செய்கிறான், கீழே என்ன போட வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார். நைனா என் முகத்தைப் பார்த்தார். நடிகர், லண்டன் என்று நானே சொன்னேன், கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. தேதியை மட்டும் காலியாக விட்டு வந்திருக்கிறோம், உன் நாடகம் எப்போது முடியும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
வ. ரத்தினம்மா