முதுகுப் பக்கத்துக் கொக்கிகள்

கல்மண்டபம், ராயபுரம்
மே 19

ஆண்ட்ரூவுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். என் போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நலமா என்று கேட்க மனமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பெங்களூர் விழாவில் மூட்டை தூக்குகிறவர்களுக்காக நாம் செய்த சுமை உடையைப் போட்டிருந்த மாடலின் தோளில் கைபோட்டு நீ சிரிக்கும் படத்தை ஆபீஸ் வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போகிறேன்.

டில்லிபாபு பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். உனக்கு அவரைத் தெரியாது. எண்ணூர் கிடங்கில் உர மூட்டை தூக்குகிறவர், நாற்பத்து நான்கு வயது. கிடங்கில் நம் உடையை முதலில் போட்டுப் பார்த்த பன்னிரண்டு பேரில் ஒருவர். போன வியாழக்கிழமை மதியம், மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறும்போது சுருண்டு விழுந்தார். உடம்பில் நீரே இல்லை, சிறுநீரகம் இரண்டும் அடிபட்டிருக்கிறது என்கிறார் டாக்டர்.

உடை முதுகைத் தாங்குகிறது. அதில் குறை சொல்ல மாட்டேன். குனிந்து நிமிரும்போது பாதிப் பாரத்தை அது வாங்கிக்கொள்கிறது. ஆனால் அதைக் கழற்றாமல் ஒண்ணுக்குப் போக முடியாது. எட்டுக் கொக்கிகளில் நான்கு முதுகுப் பக்கம். கழற்றவும் மாட்டவும் இன்னொரு ஆள் வேண்டும், பத்து நிமிடம் வேண்டும். அதுவரை லாரி நின்றால், மறுநாள் காலை மேஸ்திரி செங்குட்டுவன் அந்த ஆளின் பெயரை வேலைக்குக் கூப்பிட மாட்டான். அதனால் பன்னிரண்டு பேரும் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆறு மணிக்கு உடையை மாட்டினால் இரண்டு மணி வரை தண்ணீர் குடிப்பதில்லை. மே மாதத்தில், தகரக் கூரைக்கு அடியில்.

"வாய நனைச்சிகினு துப்பிடுவோம் சார். குட்சா எங்க போறது?" என்றார் டில்லிபாபு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, தப்பு செய்தவர் மாதிரி.

அவர் மனைவி கெங்கம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சவங்கதான சார் தச்சீங்க அத்த? உங்களுக்கெல்லாம் ஒண்ணுக்கே வராதா?"

வார்டே திரும்பிப் பார்த்தது.

கெங்கம்மாவுக்கு உன்னிடம் பதில் இருக்கிறதா? இரண்டு வருடம் முன்பு நான் வரைந்த படத்தில் எல்லாக் கொக்கிகளும் முன்பக்கம் இருந்தன. ஒரு நாடாவை இழுத்தால் இடுப்புக்குக் கீழே முழுவதும் கழன்றுவிடும். நெஞ்சில் கம்பெனி பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நீதான் அவற்றை முதுகுக்குத் தள்ளினாய். எதிர்த்துப் பேசியதற்கு எல்லார் முன்னாலும் என்னைப் பழைய காலத்து டிராயிங்காரர் என்றாய். ஒரே டப்பாவில் சாப்பிட்டவன் சொன்னது அது. பிறகு பதவி உயர்வு உனக்கு, எண்ணூர் வெயில் எனக்கு. நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. அந்த உடையை நீங்கள் சோதித்தது யாரிடம்? ஏ.சி. அறையில், பயிற்சிக்கு வந்த பொறியாளர்களிடம். அரை மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றிக் காபி குடிக்கப் போனார்கள்.

ஜூன் முதல் திங்கட்கிழமையிலிருந்து இருநூறு பேருக்கும் உடை கட்டாயம். போடாதவருக்கு வேலை இல்லை. "இன்னா மாமு, ராக்கெட்ல போறியா?" என்று இப்போதே ஒருவரை ஒருவர் கிண்டல் செய்கிறார்கள். டில்லிபாபு ஏன் விழுந்தார் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சிரிக்கிறார்கள்.

மேலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். உங்களுக்கு ஆண்ட்ரூ மேல் வயிற்றெரிச்சல் என்றார். வயிற்றெரிச்சல்தான். அதனால் டில்லிபாபுவின் கிட்னி பொய்யாகிவிடுமா? நீ ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும். கொக்கிகளை முன்பக்கம் கொண்டு வா, ஆண்ட்ரூ. படத்தில் உன் பெயரையே போட்டுக்கொள். நான் வாய் திறக்க மாட்டேன்.

உடை வசதியாக இருப்பதாக அறிக்கை வந்ததே என்று நீ கேட்பாய். அந்தப் பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டவன் நான். மேஸ்திரி பக்கத்தில் நின்றான். "நல்லா கீது சார்" என்றார்கள். உதடெல்லாம் வெடித்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போட்டேன். அதை நம்பித்தான் இருநூறு உடைகள் தைத்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்துக்கும் அதே கையெழுத்தைப் போட எனக்குக் கை வரவில்லை. போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.