நீல நெற்றிமுடி

ஒக்ரோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஒடென்சேயில் இந்த மாதத்துக்கு வேறு வானிலை கிடையாது.

செய்ய: பால். அப்பாவின் மருந்து. அக்காவின் கல்வெட்டு.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இரண்டு கிழமைகூட இல்லை. அன்று வருகிறவர்கள் கையில் கொடுக்கக் கல்வெட்டு வேண்டும், அக்காவின் நினைவுப் புத்தகம். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் உறவினர் பெயர்கள். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்த பாவத்துக்கு வாழ்க்கை வரலாறு என் தலையில்.

பிறந்தது இங்கே. படித்ததும் இங்கே. முதியோர் இல்லத்தில் வேலை. இருபத்தொன்பது வயது. கலியாணம் இல்லை. ஐந்து வரியில் முடிந்துவிட்டது.

ஆறாவது வரி எழுதினேன்: ஜப்பானியப் பாடகி கிரிகோவின் பாட்டுகளில் உயிராக இருந்தாள். அவளைப் போலவே நெற்றிமுடிக்கு நீலம் பூசினாள்.

அப்பா பேனையால் வெட்டினார். "உதெல்லாம் என்னத்துக்கு? அந்த ஜப்பான்காரியாலதானே பிள்ளை போனது."

பொலிஸ் சொன்னது: வலப்பக்கம் திரும்பிய லொறி. சாரதி சைக்கிளைக் காணவில்லை. பச்சை விளக்கு அக்காவுக்குத்தான். அப்பாவின் மனத்தில் நின்றது ஒன்றுதான். காதில் பாட்டு இருந்தது.

ஒரு காதில். மற்ற இயர்போன் எப்போதும்போல் சட்டைப் பையில்.

ஒக்ரோபர் 16, வியாழன்

இக்காஸ்ட் ஊரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தொழிற்சாலையில் வேலை, லீவு நாட்களில் கலியாணப் படம் எடுப்பார், கல்வெட்டும் அடித்துக் கொடுப்பார்.

அக்காவின் தெளிவான பெரிய படம் ஒன்றே ஒன்று. கோடையில் நான் எடுத்தது. நீல முடி, கறுப்பு ரீசேட், பல் தெரியச் சிரிப்பு.

"இதென்ன கோலம், பிள்ளை? இதைப் போட்டால் ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"இதுதான் அக்கா, மாமா."

"ஓம், ஓம். நான் ஒரு சீலை உடுத்தி விடுறன். முடியைக் கறுப்பாக்கி ஒரு பொட்டும் வைச்சால் லட்சுமி மாதிரி இருப்பாள்."

மடிக்கணினியில் வரிசையாகத் தலையில்லாத உடம்புகள். மயிற்பச்சை. அரக்கு. மஞ்சள்.

"அரக்கு எடுப்பா இருக்கும். என்ன அத்தான்?"

அப்பா தலையாட்டினார்.

"உந்த உடம்பு ஆற்றை, மாமா?"

"ஹோர்சன்ஸ் கலியாணம் ஒண்டு. பொம்பிளையின்ரை தங்கச்சி. ஆருக்குத் தெரியப்போகுது?"

சிரிப்பு வந்தது. சாவுத் துடக்கு வீட்டில் சிரிக்கக் கூடாது. குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு சிரித்தேன். பிறகு அது சிரிப்பாக இல்லை.

கொக்கியில் இன்னும் அக்காவின் வெள்ளைத் துவாய். நீலத் திட்டுகள். அம்மாவும் அவளும் கடைசியாகச் சண்டை பிடித்தது இதற்காகத்தான். "வாங்கின துவாய் எல்லாம் நாசம்! குமர்ப்பிள்ளைக்கு இதென்ன விசர்?" அம்மா கதவுக்கு வெளியே. அக்கா உள்ளே, டேனிஷில் பதில்.

ஒக்ரோபர் 17, வெள்ளி

இன்னொரு வாழ்க்கை வரலாறு. யாரும் கேட்கவில்லை. வெட்டவும் ஆளில்லை.

கிரிகோ. வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகம். தகப்பன் மீன் ஏலக் கொட்டகையில். பதினாறு வயதில் தானே எழுதிப் பாடிக் கைபேசியில் பதிந்தது. கேட்டுவிட்டுத் தோக்கியோவிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. பல்லை நேராக்கினார்கள். பெயரை மாற்றினார்கள். ஊர்ப்பேச்சு வாயில் வராதபடி ஆள் வைத்துப் பழக்கினார்கள். நாடு முழுக்கப் பாட்டு. குளிர்பான விளம்பரம், வெள்ளை உடுப்பு, அளந்த சிரிப்பு.

பிறகு வலது காது போனது. மேடையில், பாட்டுக்கு நடுவில். சில வருடம் ஆளையே காணோம்.

திரும்பி வந்தபோது சொந்தப் பெயர். நீல நெற்றிமுடி. துறைமுகத்துப் பேச்சிலேயே பாட்டு. சின்ன மண்டபங்கள், பாதி காலி.

பழைய நிறுவனம் பழைய பாட்டுகளைத் திரும்பவும் விற்றது. அட்டையில் அதே வெள்ளை உடுப்பு. எடுக்கச் சொல்லிக் கேட்டாள். எடுக்கவில்லை. "அந்தப் பிள்ளையிடம் என் முகம் இருக்கிறது, வேறொன்றும் இல்லை" என்று வானொலியில் சொன்னாளாம். அக்கா சொல்லித் தெரியும். அவள் அதற்காகவே ஜப்பானியம் படித்தவள்.

அக்கா ஒரு காதால் கேட்டது இதனால்தான். கிரிகோவுக்குக் கேட்கிற காது. இடது.

லொறி வந்ததும் அவளின் இடப்பக்கத்தால்.

இதை வீட்டில் சொல்லவில்லை.

ஒக்ரோபர் 21, செவ்வாய்

கிரிகோவின் புதுப் பாட்டு இன்று. அக்கா கோடையிலிருந்தே காத்திருந்தது.

துடக்கு கழியும்வரை வீட்டில் பாட்டு இல்லை. ட்ராம் வீடில்லை.

அம்மா பக்கத்தில், மடியில் தமிழ்க் கடை வாழையிலைக் கட்டு.

"என்ன கேக்கிறாய்?"

சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். கையை நீட்டினார்.

"உன்ரை அக்கா எந்தக் காதில போடுறவள்?"

"வலது."

வலது காதில் வைத்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"இவள் அழுறாளோ, பாடுறாளோ?"

"பாடுறா."

"என்னவாம்?"

"எனக்கு விளங்காது அம்மா. அக்காவுக்குத்தான்."

இரண்டு தரிப்பிடம் போனது.

"தாய் இருக்கோ அவளுக்கு?"

"தெரியேல்லை."

"வலது எண்டால், லொறி வந்த பக்கம் திறந்துதானே இருந்திருக்கு."

"ஓம்."

"அப்ப பாட்டில பிழையில்லை."

இடது என்று நான் திருத்தவில்லை. பாட்டு முடிந்தபிறகும் அம்மா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

ஒக்ரோபர் 24, வெள்ளி

கல்வெட்டு வந்துவிட்டது. இரண்டு பெட்டி. மையின் வாசம். கூடவே சட்டம் போட்ட பெரிய படமும்.

அரக்குச் சீலை. கறுத்த முடி. பல்லை மூடிவிட்டார் மாமா. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். வாழ்க்கை வரலாறு ஐந்து வரி, மிச்ச இடத்தில் தாமரைப்பூ.

"வடிவா இருக்கிறாள்," என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போடவில்லை.

அம்மா நெடுநேரம் பார்த்தார். "இந்த அட்டியல் ஆற்றை?"

"சும்மா இருங்கோ அக்கா. படம்தானே," என்றார் மாமா.

நான் சண்டை பிடித்திருக்க வேண்டும். பெட்டிகளைத் தூக்கி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் தள்ளும் நாள். அப்பா மறந்துவிட்டார். எல்லாரையும் ஒரு மணி முன்னதாக எழுப்பினார். அழுதுகொண்டே வீடு கழுவினோம். மஞ்சள் தண்ணீர். திரைச்சீலை, படுக்கை விரிப்பு, எல்லாம் இயந்திரத்துக்குள்.

ஐயர் வந்தார். ஆட்கள். சப்பாத்துகள் படிவரை. படத்துக்கு முன் விளக்கு, இலை, பலகாரம். யாரோ ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம்: "என்ன லட்சணமான பிள்ளை. நான் வேற ஆரையோ நினைச்சன்."

மாமி குளியலறையிலிருந்து அந்தத் துவாயோடு வந்தார், இரண்டு விரலில் பிடித்தபடி. "மச்சாள், இந்த நீலம் வெளுக்காது. குப்பையில போடட்டோ?"

அம்மா குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்து வாங்கினார். மடித்தார். நீலம் வெளியே தெரியும்படி மறுபடி மடித்தார். படத்தின் காலடியில், இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"துடக்குத் துணி மச்சாள்! தோய்க்கவுமில்லை!"

"தெரியும்."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா துவாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயர் கையில் மணி. அடிக்காமல் நின்றார்.

அம்மா நிலத்தில் உட்கார்ந்தார். "இப்பத் தொடங்குங்கோ ஐயா."