பூனைக்குப் பால் வைத்த நீலப் பீங்கான்

4-7-76, ஞாயிறு
மழை. விரல் விறைப்பு. இன்று வீட்டில் இருந்தவர்கள்: மகன் சிவா, மருமகள் ராணி, பேத்தி சுமதி, நான், பக்கத்து வீட்டு நரைத்த பூனை. எல்லாருக்கும் முன்னால்தான் தொலைபேசி அடித்தது.

நாங்கள் பினாங்கில் இருந்தபோது அடுத்த வீட்டுச் சீன அம்மா. தன் மகனைப் பார்க்க இங்கே பக்கத்தில் ஸ்பிரிங்வேலுக்கு வந்திருக்கிறாளாம். என்னையும் பார்க்க வேண்டுமாம். "சனிக்கிழமை சாப்பிட வாங்கோ" என்று சிவா சொல்லிவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உங்கட சிநேகிதிதானே அம்மா?"

"இருந்தவ."

அவள் பெயரை இதில் முழுதாய் எழுத மாட்டேன். கி. போதும்.

உளுந்து ஊறப்போட மறந்துபோனேன். அதுவும் கி.யால்தான்.

6-7, செவ்வாய்
வெயில் வருவதுபோல் காட்டி ஏமாற்றியது. வாங்க: வெங்காயம், தயிர், சாம்பல் நிறக் கம்பளி நூல்.

பூனைக்குப் பால் வைக்கும் நீலப் பீங்கானைச் சுமதி கழுவி மேசையில் வைத்திருக்கிறாள். பக்கத்தில் பள்ளிக்கூட நூலகப் புத்தகம், முழுக்கச் சீனப் பீங்கான் படம். "அப்பம்மா, திஸ் இஸ் ரியலி ஓல்ட்! பூனைக்கோ வைக்கிறது?"

வாசித்து வாசித்துச் சொன்னாள். நீலத்தை முதலில் வெறும் மண்ணில் எழுதி, அதன்மேல் கண்ணாடிபோல ஒரு பூச்சுப் பூசிச் சுடுவார்களாம். அந்த நீலமே ஒரு காலத்தில் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்ததாம். ரோஸ் நிறமெல்லாம் பிந்தி வந்தது. சுட்ட பூச்சுக்கு மேலே எழுதி இன்னொரு தரம் சுடுவது. ஆகையால் ரோஸ் தேயும், நீலம் தேயாது.

பினாங்குச் சீனர் தங்களுக்கென்று சொல்லிச் செய்வித்த வகையும் ஒரு பக்கத்தில். பச்சையும் ரோசும், வால் நீண்ட பறவை, பெரிய பூ, மூடியில் சிங்கம் வைத்த சாடி. புத்தகத்தை மூடச் சொன்னேன்.

"ஏன், அப்பம்மா?"

"கண் நோகுது."

கண் நோகவில்லை. கி. வீட்டில் அதே சாடி. எங்கள் தீபாவளிக்கும் அவர்களுடைய புதுவருடத்துக்கும் அதில்தான் பலகாரம் வரும். "இது ஒரு நாள் உனக்கு" என்று அவளே வாயால் சொன்னவள்.

8-7, வியாழன்
குளிர். சிவாவுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது, ஆனாலும் வேலைக்குப் போய்விட்டான்.

குசினியில் ராணி உருளைக்கிழங்கு உரித்தபடி: "மாமி, அவவோட என்ன கோபம்?"

சொன்னேன். இவர் மோசம்போய் எட்டாம் நாள், எட்டுச்செலவன்று கி. வந்தாள். சாடி இல்லை. துணியில் கட்டிய நீலப் பீங்கான்கள். அதன்பிறகு என்ன அனுப்பினாலும் நீலத்தில்தான். இவருடைய அக்கா, மச்சாள் நாகேஸ்வரி, என் காதுக்குள்: "பாத்தியே, தம்பி இருக்குமட்டும் ரோஸ் சாடி. இப்ப குசினிப் பீங்கான். தாலி இல்லாதவளுக்கு இது காணும் எண்டு நினைச்சிட்டாள்." அதற்குப்பிறகு நான் கி.க்குக் கதவு திறக்கவில்லை.

"அவவிட்டக் கேட்டனீங்களே மாமி?"

"என்னத்தைக் கேக்கிறது? கண்ணாலை கண்டனான்."

"அப்ப ஏன் அதைக் கப்பலேத்திக் கொண்டு வந்தனீங்கள்?"

"பூனைக்கு."

"அப்ப பூனை இருக்கேல்லையே மாமி."

நல்ல பிள்ளை. ஆனாலும் தோலைத் தடிப்பாய் உரிக்கிறாள்.

10-7, சனி
மழை இல்லை. கத்தரிக்காய், பருப்பு, மீன் பொரியல், சர்க்கரைப் பொங்கல்.

கி. வந்தாள். கையில் ஊன்றப் பொல்லு, உடம்பு முன்னையதில் பாதி. நான் கதிரையிலிருந்து எழும்பவில்லை. மலாய் மொழியில்தான் பேச்சு. இத்தனை வருடம் கழித்தும் நாக்குக்கு வந்தது.

பின்கதவருகே பூனையின் நீலப் பீங்கானைக் கண்டாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

"இன்னும் துக்கப் பீங்கானை எடுத்து வைக்கேல்லையே நீ?"

"என்ன துக்கப் பீங்கான்?"

சிரிப்பு நின்றது. அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் நிறப் பீங்கான் எல்லாம் அலுமாரிக்குள் போய்விடுமாம். துக்கம் முடியும்வரை நீலமும் வெள்ளையும்தான்.

"உன்ர மனுசன் எனக்கு அண்ணன் மாதிரி. நீ தனியத் துக்கம் காக்கக்கூடாதெண்டு நானும் நீலத்திலைதான் சாப்பிட்டன். முடிஞ்சாப்பிறகு சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தன். தட்டினன், தட்டினன். நீ உள்ளுக்கை இருமினது கேட்டது."

இருமியது நினைவிருக்கிறது.

பையிலிருந்து கம்பளிச் சால்வையை எடுத்து அவிழ்த்தாள். அதே சாடி. சிங்கத்துக்கு ஒரு காது இல்லை. பறவையின் வாலில் ரோஸ் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அவள் கை பட்டுத் தேய்ந்தது.

"முகத்தைத் துடை. மூக்காலை ஓடுது," என்றாள். அவளுக்கும்தான் ஓடியது.

பொங்கலைச் சாடியில் போட்டு நடு மேசையில் வைத்தோம். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள். நான் பிடித்த கையை விடவில்லை, இடது கையால் சாப்பிட்டாள். சுமதி படம் எடுத்தாள்.

புதன்கிழமை மறுபடி வருகிறாள். பூனைக்கு இனி அலுமினியத் தட்டு. நீலப் பீங்கான்கள் கண்ணாடி அலுமாரியில், சாடிக்குப் பக்கத்தில்.

கிம் நியோ. கிம் நியோ. கிம் நியோ. முழுதாய் எழுதியாயிற்று.

கேட்காமல் கூப்பிட்ட சிவாவையும் மன்னித்தாயிற்று. காதுக்குள் வந்து சொன்னவளை மட்டும் மாட்டேன், அவள் செத்தாலும், நான் செத்தாலும். நாகேஸ்வரி.