வடக்கில் பிடித்த முதல் மீன்

டோர்செட் பார்க், ஸ்காபரோ
12.10.1998

மதிப்புக்குரிய அன்ரனெற் அவர்களுக்கு,

பஸ்ரியன் எழுதுகிறேன். பெயரைக் கிளடிஸ் அன்ரி உங்களுக்குச் சொல்லியிருப்பார். உங்களுக்கு முப்பத்தேழு, எனக்கு நாற்பத்திரண்டு. இனி நடுவில் ஆட்கள் தேவையில்லை, இரண்டு பேரும் நேரே எழுதிப் பாருங்கள் என்பது அவருடைய யோசனை. "அவள் பனிக்கரடியளோட போய் இருக்கிறாள் தம்பி, நீர்தான் எழுதி இறக்கவேணும்" என்றார். யாரையும் எங்கிருந்தும் இறக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அறிய ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கனடா வரைபடத்தில் உங்கள் ஊரைத் தேடினேன். பாஃபின் தீவு வரை விரல் போனது, பிறகு வெறும் வெள்ளைதான். அங்கே கடை இருக்கிறதா? குளிரில் பள்ளிக்கூடம் மூடுவார்களா? சூரியன் இரண்டு மாதம் வராது என்பது உண்மையா, அல்லது அன்ரி என்னைப் பயப்படுத்தச் சொன்னதா? எல்லாவற்றுக்கும் மேலாக, மன்னாரில் பிறந்த ஒருவர் அங்கே போனது ஏன்?

என்னைப் பற்றி அன்ரி சொல்லியிருப்பார். கடலுணவுக் கம்பனியில் வேலை. சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அன்ரி தந்த படத்தில் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். குறை நினைக்காவிட்டால் அண்மையில் எடுத்த படம் ஒன்று அனுப்ப முடியுமா?

இப்படிக்கு,
சூ. பஸ்ரியன்


பாஃபின் தீவு
2.11.1998

திரு. பஸ்ரியன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் மூன்று விமானம் மாறி, புயலில் நான்கு நாள் தங்கி வந்து சேர்ந்தது. அதில் தேசிக்காய் மணந்தது. இங்கே தேசிக்காயைக் கண்டு பல மாதமாகிறது. கடிதத்தை இரண்டு தரம் முகர்ந்தேன். கடலுணவுக் கம்பனிக் கடிதத்தில் தேசிக்காய் ஏன் மணக்கிறது?

முதலில் படம். அது பதினொரு வருடப் பழசு. அந்தப் பூச்சாடியும் ஸ்ரூடியோக்காரருடையது. புதுப் படம் அனுப்ப மாட்டேன். படத்தைப் பார்த்து என்னை எடை போட்டவர்கள் ஏற்கெனவே மூன்று பேர்.

ஏன் வந்தேன்? ரொறன்ரோவில் நான்கு வருடம் டோநட் கடையில் நின்றுகொண்டே திரும்பப் படித்து ஆசிரியர் பத்திரம் எடுத்தேன். ஒரு பள்ளிக்கூடமும் கூப்பிடவில்லை. பத்திரிகையில் இந்த வேலை விளம்பரம் வந்தது. அன்ரிக்கு நான் சொன்ன காரணம் இவ்வளவுதான். உங்களுக்கு மிச்சத்தையும் சொல்கிறேன்: கடல் உறைந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

ஊரில் நானூறு பேர். ஒரு கடை. குளிருக்குப் பள்ளிக்கூடம் மூடுவதில்லை, முன்னால் நிற்கும் ஆள் தெரியாத அளவு பனிப்புயல் அடித்தால்தான் மூடுவார்கள். முதல் கிழமை கணக்கு வகுப்பில் "விளங்குகிறதா?" என்று கேட்டேன், ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பித்தேன். பிறகு எலிசபீ சிரித்துக்கொண்டு சொன்னாள், பிள்ளைகள் மூன்று நாளாக "ஓம்" சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று. இங்கே புருவத்தை உயர்த்தினால் ஓம். மூக்கைச் சுருக்கினால் இல்லை. நான் தலையை ஆட்டுவதுதான் அவர்களுக்கு விளங்கவில்லையாம்.

எலிசபீ என் வகுப்பின் உதவி ஆசிரியை, பக்கத்து வீட்டுக்காரி. அவளும் மற்றவர்களும் கதவைத் தட்டாமல் உள்ளே வருவார்கள். தேத்தண்ணீர் குடிப்பார்கள். சில நாள் ஒரு சொல்லும் பேசாமல் எழும்பிப் போய்விடுவார்கள். முதலில் என்ன குறை வைத்தேனோ என்று தவித்தேன். இப்போது ஒரு நாள் யாரும் வராவிட்டால் வீடு பிடிக்கவில்லை.

ஏரி நன்றாக உறைந்ததும் மீன் பிடிக்கக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
அன்ரனெற்


டோர்செட் பார்க்
24.11.1998

அன்ரனெற் அவர்களுக்கு,

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். லிஃப்ற்றில் ஒரு பெண் "மேலேயா?" என்று கேட்டார். நான் புருவத்தை மட்டும் உயர்த்தினேன். அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார். உங்கள் ஊர்ப் பழக்கம் இங்கே ஆகாது போலிருக்கிறது. இங்கே ஒரு வீட்டுக்குப் போவதென்றால் முதல் நாள் ரெலிபோன் எடுக்கவேண்டும், கீழே வந்து நின்று இன்னொரு தரம் எடுக்கவேண்டும். பதினோராம் மாடியில் ஆறு வருடமாக இருக்கிறேன். என் வரிசையில் இருப்பவர்களின் பெயர்கூடத் தெரியாது.

மீன் பிடிக்கப் போனால் கொஞ்சம் கவனித்து எழுதுங்கள். என்ன இரை போடுகிறார்கள்? தூண்டில் மேல்தாடையில் கொளுவுகிறதா, ஓரத்திலா? வெளியே எடுத்ததும் செவுள் என்ன நிறம்? அந்தக் குளிரில் கண் உடனே வெளுத்துவிடுமா? செதில் சின்னதா, வழுக்குமா?

தேசிக்காய் விஷயம் ஒன்றும் இல்லை. தேத்தண்ணீருக்குப் பிழிந்திருப்பேன்.

அன்புடன்,
பஸ்ரியன்


பாஃபின் தீவு
8.12.1998

பஸ்ரியன்,

உங்கள் கேள்விகள் வருமுன்பே மீன் வந்துவிட்டது. நீங்கள் கம்பனியில் சுப்பவைசர் என்றுதான் அன்ரி சொன்னார். சுப்பவைசருக்குச் செவுளின் நிறம் எதற்கு என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன்.

போன மாதம் இருபத்தோராம் திகதி, சூரியன் கடைசியாகத் தலைகாட்டிய கிழமை. எலிசபீ ஸ்கிடூ என்கிற பனி மோட்டார் வண்டியை ஓட்டினாள். பின்னால் கட்டிய மரச் சறுக்கு வண்டியில் நான், கரிபூ மான் தோலைப் போர்த்துக்கொண்டு. இரண்டு மணித்தியாலம். குலுங்கிய குலுக்கலில் மன்னார் லொறிகளே பரவாயில்லை என்றிருந்தது. ஒரு மேட்டில் வண்டி ஏறி விழுந்தபோது நான் தனியே பனியில் கிடந்தேன், அவள் போய்க்கொண்டேயிருந்தாள். திரும்பி வந்து பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அப்படிச் சிரித்துப் பல வருடம்.

ஐஸில் ஓட்டை போட்டு, குப்புறப் படுத்து, தலையைத் தோலால் மூடிக்கொண்டு உள்ளே பார்த்தேன். பஸ்ரியன், தண்ணீர் பச்சைக் கண்ணாடி. அடியில் கிடக்கும் கல் தெரிகிறது. மீன் வருவதைப் பார்த்துக்கொண்டே தூண்டிலை மேலும் கீழும் ஆட்டவேண்டும். இரையும் இல்லை, மினுங்குகிற ஒரு தகடுதான். ஆர்க்டிக் சார் என்ற மீன், பன்னிரண்டு இறாத்தல். இழுத்த வேகத்தில் நான் மல்லாக்க விழுந்தேன். மீன் என் நெஞ்சில் கிடந்து துடித்தது. செவுள் கடும் சிவப்பு. கண் வெளுக்கவில்லை, நேரே பார்த்தது.

நான் பிடித்த முதல் மீன் இது. மீனை அறிந்த ஒருவருக்கு அனுப்ப வேண்டும் போல இருந்தது. பதினெட்டாம் திகதி என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியை விடுமுறைக்கு ரொறன்ரோ வருகிறார், பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். விமான நிலையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இது உங்களுக்கு.

அன்புடன்,
அன்ரனெற்


டோர்செட் பார்க்
28.12.1998

அன்பின் அன்ரனெற்,

நத்தார் வாழ்த்துகள். மீன் பத்திரமாக வந்து சேர்ந்தது. இப்படி ஒரு மீனை நான் கண்டதில்லை. நீங்கள் ஆசையாக அனுப்பியதால் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஒரு கிழமையாக நானே தனியே சமைத்து முழுவதையும் சாப்பிட்டேன். நல்ல ருசி.

எனக்கு இப்படி யாரும் ஒன்றும் அனுப்பியதில்லை.

அன்புடன்,
பஸ்ரியன்


பாஃபின் தீவு
24.1.1999

அன்பின் பஸ்ரியன்,

போன திங்கட்கிழமை சூரியன் வந்தது. பள்ளிக்கூடம் முழுவதும் மேட்டில் ஏறி நின்றோம். ஒரு தோடம்பழச் சுளையளவு தெரிந்தது, பிள்ளைகள் கத்தினார்கள், பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. உங்களுக்கு எழுதவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எழுத வேறு விஷயமும் இருக்கிறது.

நத்தாருக்கு முன்பிருந்தே என் வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. கோபமில்லை, கடையில் கண்டால் சிரிக்கிறார்கள். கதவுதான் திறப்பதில்லை. தேத்தண்ணீர் வைத்து வைத்துக் கீழே ஊற்றினேன். கடைசியில் நானே எலிசபீ வீட்டுக்குத் தட்டாமல் போய் உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்துக் கேட்டாள், உன் முதல் மீன் எங்கே என்று.

ஒருவர் பிடிக்கும் முதல் மீன் அவருக்குச் சொந்தமில்லையாம். ஊருக்குப் பங்கிட வேண்டும், ஒரு துண்டும் தனக்கு வைக்கக்கூடாது. அப்படிக் கொடுக்கும் நாளில்தான் அந்த ஆளும் ஊரில் ஒருவராகிறார். அன்று எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டில் சட்டி வைத்துக் காத்திருந்தார்களாம். நான் அதைப் பெட்டியில் போட்டுத் தெற்கே அனுப்பிவிட்டேன். எனக்குச் சொல்லித்தர ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எலிசபீ சொன்னது இதுதான்: "இங்கே வரும் ரீச்சர்மார் எல்லாரும் போவதற்காக வருகிறவர்கள். உன்னை நான் அப்படி நினைக்கவில்லை."

அந்த நேரத்தில் உங்கள் கடிதம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. ஒருவருக்கும் கொடுக்காமல் தனியே சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அவள் கேட்டாள், அந்த மனுசர் என்ன செய்தார் என்று. நான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வெட்கமாக இருக்கிறது, பஸ்ரியன். எனக்கு இந்த ஊர் வேண்டும்.

அன்ரனெற்


டோர்செட் பார்க்
8.2.1999

அன்பின் அன்ரனெற்,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து எழும்பினேன். உண்மையைச் சொன்னால் உங்கள் ஊர் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும், நான் உங்களை இழப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன்.

நான் சுப்பவைசர் இல்லை. வோபர்ன் பக்கம் நவரட்ணம் அண்ணையின் தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறேன். ஏழு வருடம். உத்தியோகம் சொன்னால்தான் ரீச்சர் மறுமொழி போடுவா என்று அன்ரி நினைத்தார், நானும் திருத்தவில்லை. உங்களுக்கு எழுத உட்காருமுன் ஒவ்வொரு தரமும் கையைத் தேசிக்காய் போட்டுத் தேய்ப்பேன். கடிதத்தில் மீன் மணக்கக்கூடாது என்று.

உங்கள் மீன் என் வீட்டுக் கத்திக்கு அடங்கவில்லை. கடைக்குக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்தேன். கடையில் நின்ற சனம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. "உது என்ன மீன்? உந்தச் சதை ஏன் செம்மஞ்சள்?" என்று ஒரே கேள்வி. வடதுருவத்துப் பக்கத்திலிருந்து ஒரு ரீச்சர் தன் கையால் பிடித்து அனுப்பினவ என்றேன். ஒருவர் பிள்ளைத்தாச்சி மகளுக்கு ஒரு துண்டு கேட்டார். கொடுத்தேன். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு எப்படி இல்லையென்பது? பாதி மீன் கடையிலேயே முடிந்தது.

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் கதவு தட்டாத ஆட்களை நினைத்துக்கொண்டு என் வரிசைக் கதவுகளைத் தட்டினேன். முதலில் சங்கிலி போட்டபடி பார்த்தார்கள். பிறகு திறந்தார்கள். ஒன்பது வீடு. சோமாலியாக் குடும்பம் ஒன்று, பிலிப்பீன்ஸ் தாதி ஒருத்தி, மற்றவர்கள் எங்கள் ஆட்கள். தலையை மட்டும் எனக்குச் சொதி வைக்க என்று வைத்திருந்தேன். கடைசி வீட்டுச் சீமோன் அங்கிள் தனியே இருக்கிறவர், வாசலில் வந்து நின்றார். "தலை இருக்கோ தம்பி?" என்று கேட்டார். அதையும் கொடுத்துவிட்டேன்.

அன்ரனெற், உங்கள் மீனில் ஒரு முள்ளுக்கூட நான் வாயில் வைக்கவில்லை. ஒரு பெண் ஆசையாக அனுப்பியதை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. அதனால்தான் அந்தப் பொய். இரண்டு பொய்யும் இப்போது உங்கள் கையில். எலிசபீயிடம் இந்தக் கடிதத்தை அப்படியே சொல்லுங்கள்.

இனி எழுத விருப்பமில்லை என்றால் எழுதவேண்டாம், நான் அன்ரியிடம் ஏதாவது சொல்லிக்கொள்வேன். ஆனால் எனக்கு அந்தப் பச்சைத் தண்ணீரை ஒரு தரம் படுத்துக் கிடந்து பார்க்க வேண்டும். மீன் வெட்டுகிறவன் அங்கே வரலாமா?

பஸ்ரியன்


பாஃபின் தீவு
2.3.1999

அன்புள்ள பஸ்ரியன்,

எலிசபீயிடம் சொன்னேன். அவள் என்னை இழுத்துக்கொண்டு ஊர் வானொலிக்குப் போனாள். இங்கே யாரும் போய் எதையும் பேசலாம். நான் ஆங்கிலத்தில் வாசிக்க அவள் தன் மொழியில் சொன்னாள். பிள்ளைத்தாச்சி மகள், சங்கிலி போட்ட கதவு, சீமோன் அங்கிளின் மீன் தலை, ஒன்றும் விடவில்லை. வானொலிக்கு ஒருவர் ரெலிபோன் எடுத்து, அந்தக் கிழவர் தலையை எப்படிச் சமைத்தார் என்று கேட்டார். கேட்டு எழுதுங்கள். நான் வீட்டுக்கு வந்தபோது ஆறு பேர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து என் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அழுதேன். அவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

உங்கள் வேலையைப் பற்றி எலிசபீ கேட்டாள். மீன் வெட்டுகிறவர் என்றேன். அப்படியென்றால் நல்ல உத்தியோகம் என்றாள். சுப்பவைசர் என்ன செய்வார் என்று விளக்கப் பார்த்தேன், அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு உங்கள் இரண்டாம் கேள்வியிலேயே சந்தேகம். செவுளில் உறுதியாயிற்று.

இப்போது என் பொய். ஜூன் மாதம் ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்துவிடுவேன் என்று அன்ரி உங்களுக்குச் சொல்லியிருப்பார். அப்படி அவரை நம்ப விட்டது நான்தான். போன கிழமை இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தேன். யாருக்காகவும் இறங்கி வரமாட்டேன். இதைத் தெரிந்துகொண்டு யோசியுங்கள்.

உங்களுக்கு ஒரு துண்டும் கிடைக்கவில்லை என்று எலிசபீக்குக் கவலை. போன சனிக்கிழமை திரும்பவும் போனோம். இரண்டாவது மீன் எனக்குச் சொந்தம், அதை யாருக்கும் கொடுக்கவேண்டியதில்லை. வெளியே கூரையில் உறைந்து கிடக்கிறது. இந்தத் தரம் அனுப்பமாட்டேன். வெட்டக் கத்தியோடு ஆள் வரவேண்டும். சூட்கேசில் இடமிருந்தால் பத்துத் தேசிக்காய் கொண்டுவாருங்கள், கையில் தேய்க்க அல்ல, சொதிக்கு.

வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இத்துடன் படம் ஒன்று வைத்திருக்கிறேன். இன்று காலை எலிசபீ எடுத்தது. மூக்கு குளிரில் சிவந்திருக்கிறது, தலையில் கரிபூ மயிர். அழகைத் தேடாதீர்கள். புருவத்தைப் பாருங்கள்.

அன்ரனெற்