அப்பாவின் காதில் விழாத சேதி

என் தங்க மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ நடமாட்டமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை கண்ணு, இருந்தாலும் கேட்காமல் எப்படி இருப்பேன். வலி குறைந்திருக்கிறதா, எழுந்து நடக்கிறாயா, ஒரு வாய் சாப்பாடாவது இறங்குகிறதா. நான் போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார், "தூங்குறா அத்தை" என்கிறார். மூன்று வேளையும் தூங்குகிறவள் எங்கே இருக்கிறாள், எனக்குத் தெரியாதா. அதனால்தான் எழுதுகிறேன், கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

நீ பேசிய அன்று நான் கடைக்குப் போயிருந்தேன். ஐந்து மாதம் சுமந்த பிள்ளை தங்கவில்லை என்று நீ அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னாயாம், அவர் "ரொம்ப சந்தோஷம்மா, உடம்பைப் பாத்துக்கோ" என்றாராம். எந்தப் பெண்ணுக்குத்தான் தாங்கும். நீ போனை வைத்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நீ சொன்ன எதுவும் உன் அப்பாவின் காதில் விழவில்லையடி.

பட்டாளத்தில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்று அவருக்கு ஒரு காது மந்தம் என்பது உனக்கும் தெரியும், நாம் எல்லோரும் கேலி செய்ததுதான். மற்றக் காதும் போய்விட்டது என்று கூடவே இருக்கிற எனக்கே தெரியவில்லை. என் வாயைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார், நான் கேட்பதும் தினமும் அதே நாலு கேள்விதானே. அன்று நான் திரும்பி வந்ததும் வாசலிலேயே மறித்து, "பாப்பா உதைக்க ஆரம்பிச்சிருச்சாம்" என்றார். குழந்தை என்ற சொல் மட்டும் எப்படியோ பிடிபட்டிருக்கிறது, மிச்சத்தை ஆசை நிரப்பிக்கொண்டது. பால்காரர், தையல்காரர், தெருமுனை சலூன்காரர் யாரையும் விட்டுவைக்கவில்லை. மறுநாள் காலையில் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தவழ்ந்தார். ஆமாம், முட்டியும் முழங்கையுமாக, பட்டாளத்தில் பழகின மாதிரியே. குழந்தையின் கண் உயரத்திலிருந்து பார்த்தால்தான் எது குத்தும் எது இடிக்கும் என்று தெரியுமாம். நீட்டிக்கொண்டிருந்த ஆணியைப் பிடுங்கினார், அலமாரி முனையை அரம் போட்டு ராவினார். முட்டி வலியை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து என்று நானும் சிரித்தேன்.

அவர் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் படுத்திருந்தபோதுதான் மாப்பிள்ளை போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். நான் அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு, "நம்ம பொண்ணுக்குக் கொழந்தை தங்கலையாங்க" என்று அலறினேன். மேஜைக்கு அடியிலிருந்து, "ரொம்ப சந்தோஷம், மாப்பிள்ளைய நான் கேட்டதாச் சொல்லு" என்றார். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார், தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. தாளை என்னிடமே நீட்டி, "நான் அவகிட்ட என்ன சொன்னேன்?" என்று கேட்டார். அதையும் எழுதினேன். சண்டைக்குப் போய் வந்தவர், கூட இருந்தவர்களைப் புதைத்துவிட்டு வந்தவர், அவர் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. தன் சத்தம் தனக்கே கேட்காததால் அடக்கவும் தெரியவில்லை, பக்கத்து வீட்டம்மா பயந்து ஓடி வந்துவிட்டாள்.

பட்டாளத்தில் இருக்கும்போதே இந்தக் காதும் போகத் தொடங்கிவிட்டதாம். வெளியே சொன்னால் லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், "அவ படிப்பு பாதியில நின்னுடும்னு சொல்லல" என்கிறார். அதிகாரிகளின் உதட்டைப் பார்த்தே காலத்தைத் தள்ளியிருக்கிறார் மனுஷன். கட்டினவளுக்கே இப்போதுதான் சொல்கிறார். இத்தனை வருஷம் நான் கூப்பிட்டும் வராதவர், மறுநாளே தானாகக் கிளம்பிக் காது டாக்டரிடம் போனார். நரம்பு செத்துவிட்டதாம், மிஷின் வைத்தாலும் சத்தம்தான் கேட்குமாம், பேச்சு பிரியாதாம், போனில் அறவே முடியாதாம்.

ஆனாலும் உன்னிடம் பேசியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இது கிடைத்ததும் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, அடுத்து வருகிற ஞாயிறு காலையில் கூப்பிடுகிறோம். அவர் கத்துவார், கோபம் என்று நினைத்துவிடாதே, மெல்லப் பேச இப்போது வருவதில்லை. நீ ஒன்றும் பேச வேண்டாம். நானும் போனில் காதை வைத்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்திருப்பேன். மருந்தை நிறுத்திவிடாதே, பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே. மாப்பிள்ளைக்கும் அது பிள்ளைதான், அவரையும் பார்த்துக்கொள். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், வேறு எதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. அழுகை வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளாதே, வாய்விட்டு அழு. அவருக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும், நான் அவர் கையைப் பிடித்து அழுத்துவேன், நீ இன்னும் போனை வைக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா